மிஸ் சொல்லித் தந்த கடைசி வரி

மிஸ்ஸிடம் அர்த்தம் கேட்கக் கூடாது. அந்த வகுப்புக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான். பிந்தி வரலாம், சேற்றுச் சப்பாத்தோடு வரலாம், பாட்டுக்கு நடுவில் எழும்பி ஓடலாம், மூக்கை உறிஞ்சலாம். ஆனால் ஒரு பிள்ளை "இந்த வரிக்கு என்ன அர்த்தம் மிஸ்?" என்று கேட்டுவிட்டால், மேசையில் மடக்கிய விரல் மொளியால் ஒரு தட்டுத் தட்டுவார்.

"முதலில் வாய். பிறகு காது. அர்த்தம் எல்லாவற்றுக்கும் பிறகு. அது எங்கே ஓடிவிடப் போகிறது?"

அது ஓடித்தான் போனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மிஸ் போன பிறகு மெல்பேர்னில் குளிர்காலம் வந்து போய்விட்டது, ஆத்திரம் போகவில்லை.

மிஸ் பிறந்தது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், கடலுக்குள் கிடக்கும் ஒரு தீவில். அங்கே கேலிக் என்று ஒரு பாஷை இருக்கிறது. இங்கிலிஷின் கொச்சை என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை, இங்கிலிஷ் அந்தக் கரைக்கு வருவதற்கு முன்பே பேசிய பாஷையாம். மிஸ் கலியாணம் முடித்து இங்கே வந்து, புருஷனையும் இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, மெல்பேர்னின் ஓரத்தில், கிரெய்கிபர்னில் தனியாக இருந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கேலிக் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்தார். குள்ளமான மனுஷி. கை இரண்டும் எந்த நேரமும் சிவந்திருக்கும். பாடினாலும் பேசினாலும் தேத்தண்ணி குடித்தாலும் இடது கால் மட்டும் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். வாத்தியம் என்று எதுவும் கொண்டுவர மாட்டார். ஆடுகிற மெட்டைக்கூட வாயாலேயே, ஒரு பிடில் வாசிக்கிற வேகத்தில் பாடுவார். பிள்ளைகள் அந்த வாய்க்கும் அந்தக் காலுக்கும் ஆடுவார்கள்.

அதே மண்டபத்தின் மற்றப் பக்கத்தில்தான் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். என் மகள் தர்ஷியை அங்கே விட்டிருந்தேன். வகுப்பு முடிந்தாலும் இவருக்கு, தர்ஷியின் அப்பாவுக்கு, வேலை முடிந்து கார் வரும்வரைக்கும் நானும் அவளும் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். அப்படிக் காத்துக் கிடந்த ஒரு நாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கப் போனவள் திரும்பி வரவில்லை. நான் தேடிப் போனபோது மேசையைச் சுற்றி இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து, கையை ஓங்கி ஓங்கி ஒரு ஈரக் கம்பளியை அடித்துக்கொண்டிருந்தாள்.

அது அவர்களுடைய தீவு வழக்கம். கம்பளித் துணியை நெய்த பிறகு நனைத்து, பெண்கள் மேசையைச் சுற்றி இருந்து அடித்து அடித்து இறுக்குவார்களாம். ஒருத்தி வரியைப் பாட, மற்றவர்கள் அர்த்தமில்லாத சத்தங்களால் பதில் சொல்லுவார்கள். நம்முடைய தன்னானே போலத்தான். மிஸ் வீட்டிலிருந்து ஒரு சாம்பல் நிறப் போர்வையைக் கொண்டுவந்து, மண்டபத்துக் குசினியில் நனைத்து, அதையே கிழமைக்குக் கிழமை அடிக்க வைத்தார். இறுகி இறுகி அது கடைசியில் வாசல் மிதியடி போல ஆகிவிட்டது.

தமிழ் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை இங்கே தொண்டை கிழியப் பாடினாள். "ழ" சொல்லச் சொன்னால் நாக்கு வலிக்கிறது என்று அழுகிறவளுக்கு, மிஸ்ஸின் பாஷையில் தொண்டைக்குள்ளிருந்து காறி எடுக்கிற சத்தமெல்லாம் தண்ணீர் பட்ட பாடாய் வந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டுறாய்" என்றார் இவர். தமிழ்ப் பள்ளிக்கூடத்து அன்ரி ஒருவர் நேராகவே கேட்டார்.

"பிள்ளைக்குத் தமிழே வரேல்லை. அதுக்குள்ள இது வேறயோ?"

"இங்க கப் குடுக்கிறேல்லை அன்ரி. அதாலதான் விட்டனான்" என்றேன். அந்த வருஷம் தேவாரப் போட்டியில் அவருடைய பேத்தி கப் வாங்கியிருந்தாள். தேவாரத்தை இங்கிலிஷ் எழுத்தில் எழுதி, பாடமாக்கி, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் கணீரென்று பாடியிருந்தாள். நடுவர்களுக்குக் கண் கலங்கியது. நான் கை தட்டவில்லை.

அந்தக் கம்பளியை அடிக்கும்போது கைக்குக் கை மேசையைச் சுற்றி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எப்போதும் சூரியன் போகிற திசையில்தான் போக வேண்டும், மாறிப் போனால் ஆகாது என்பது மிஸ்ஸின் ஊர் நம்பிக்கை. ஒரு நாள் தர்ஷி கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கிழமைதான் சூரியனைப் பற்றிப் படித்திருந்தாள்.

"மிஸ், ஆனால் உங்கள் தீவில் தெற்குப் பக்கத்தால் போகிற சூரியன் இங்கே வடக்குப் பக்கத்தால் அல்லவா போகிறது? அப்படியென்றால் நாங்கள் மறுபக்கமாகத்தானே சுற்ற வேண்டும்?"

மிஸ் எழும்பினார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கார் நிறுத்துகிற இடத்தின் நடுவில் நின்று, ஒரு கையால் கண்ணை மறைத்து, மற்றக் கையால் வானத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அவர் நகரவில்லை. இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அந்த மனுஷிக்கு அது தோன்றவே இல்லை என்பது அவருடைய முதுகைப் பார்க்கவே தெரிந்தது. பிறகு உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"துணிக்குத் தான் அவுஸ்திரேலியாவுக்கு வந்தது தெரியாது" என்றார். "பழைய பக்கமே போகட்டும்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாங்களும் அப்படித்தான், இங்கே கோயில் கட்டியும் சாமியை அதே வலப்பக்கமாகத்தான் சுற்றுகிறோம், சூரியனை யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவர் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். சுற்றிக் காட்டச் சொன்னார். நான் அந்த மேசையை ஒரு சுற்றுச் சுற்றினேன். அவரும் என் பின்னால் வந்தார். பிள்ளைகள் இரண்டு அம்மாமாருக்கும் பைத்தியம் என்று முடிவு செய்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பு முடிந்ததும் குசினியில் எனக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி இருக்கும். அப்படி ஒரு நாள்தான் கேட்டேன். ஏன் அர்த்தம் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், பிள்ளைகள் பாவம் இல்லையா என்று.

அவருடைய கால் தாளம் போடுவதை நிறுத்தியது. முதல்தடவையாக அன்றுதான் அது நின்றதைப் பார்த்தேன்.

"என் மகனுக்கு நான் அர்த்தத்தைத்தான் முதலில் கொடுத்தேன்" என்றார். "ஒவ்வொன்றையும் இங்கிலிஷில் சொல்லி, பிறகு எங்கள் பாஷையில் சொன்னேன். அவன் கெட்டிக்காரன். அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பாஷையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்."

மகன் இந்த நாட்டின் மற்றக் கரையில், பேர்த்தில் இருந்தார். நல்ல மனுஷன், ஞாயிறு தவறாமல் போனில் கோல் எடுப்பவர். ஆனால் தாயின் பாஷையில் அவருக்குத் தெரிந்தது சாப்பிட வா என்கிற ஒன்று மட்டும்தான்.

"இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் இல்லை" என்றார் மிஸ். "கனவில் மட்டும் பேசுகிறேன். இந்தப் பிள்ளைகளில் ஒன்று ஒரு நாள் என்னிடம் ஒரு வாக்கியம் பேசும். பாட்டு வேண்டாம். பாட்டு யாரும் பாடுவார்கள். ஒரு சாதாரண வாக்கியம், சத்தம் பிசகாமல். அன்றைக்கு நான் அர்த்தம் சொல்லத் தொடங்குவேன்."

இது சரிவராது என்று எனக்கு அப்போதே பட்டது. அர்த்தம் தெரியாத பிள்ளை வாக்கியத்துக்கு எங்கே போகும்? அதைக் கேட்கவும் செய்தேன். அவர் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்.

ஆகப் பிள்ளைகளுக்குப் பாட்டுக்கு வெளியே தெரிந்தது வகுப்பில் அடிக்கடி காதில் விழுந்த சொற்கள் மட்டும்தான். ஏஷ்ட் என்றால் கேள். அரீஷ்ட் என்றால் இன்னொரு தரம். க்லே வா என்றால் மிக நல்லது. கடைசிச் சொல் லேசில் கிடைக்காது. அது கிடைத்த நாளில் தர்ஷி காருக்குள் ஏறியதும் தகப்பனுக்கு முதலில் அதைத்தான் சொல்லுவாள்.

மிஸ்ஸுக்கு மறதி மெதுவாகத்தான் வந்தது. முதலில் பிள்ளைகளின் பெயர் மாறியது. பிறகு இங்கிலிஷ் சொற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தேத்தண்ணிக் கேத்திலைக் கேத்தில் என்று சொல்ல வராமல் கையால் காட்டினார். பஸ் சாரதியோடு கேலிக்கில் சண்டை பிடித்தார் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு சனிக்கிழமை வகுப்பு முழுக்க ஒரு சொல் இங்கிலிஷ் இல்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. எனக்கு இல்லை. அந்த மனுஷி இவ்வளவு காலமும் பேச ஆசைப்பட்ட பாஷையில் மடை திறந்தது போலப் பேசிக்கொண்டிருந்தார். விளங்கிக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

மகன் பேர்த்திலிருந்து பறந்து வந்தார். வீட்டைப் பூட்டினார். வடக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாயைச் சேர்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன்.

நான் இடைக்கிடை போய்ப் பார்த்தேன். இல்லத்தில் வேலை செய்கிற பெண்கள் நேபாளம், கேரளம், பிலிப்பைன்ஸ் என்று பல இடத்துப் பிள்ளைகள். அன்பானவர்கள். மிஸ்ஸைக் குளிப்பாட்டி, தலை வாரி, கம்பளிச் சட்டை போட்டு அழகாக வைத்திருந்தார்கள். அவர் ஒரு பாட்டு ரீச்சர் என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது அவர்களுக்குப் பிடித்துப் போய்விட்டது. அதனால் மிஸ் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அது பாட்டுத்தான்.

"நாள் முழுக்கப் பாட்டுத்தான் அக்கா" என்று கேரளப் பிள்ளை எனக்குச் சொன்னாள். "எவ்வளவு சந்தோஷமான அம்மா!"

அந்தப் பாஷையைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஏறி இறங்கி, இழுத்து நிறுத்தி, சண்டை பிடித்தாலும் தாலாட்டுப் போலத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிறகு அங்கே களிப்பூட்டும் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான பெண் ஒரு யோசனை சொன்னாள். மிஸ்ஸின் பழைய மாணவர்களை ஒரு பின்னேரம் கூட்டி வந்தால் என்ன? பெற்றோர் எல்லோரும் சரியென்றோம். பிள்ளைகள் அந்த இறுகிய சாம்பல் போர்வையைக் கொண்டு வந்தார்கள். நனைக்க விடவில்லை, தரை வழுக்குமாம். காய்ந்த போர்வையோடு கூடத்து மேசையைச் சுற்றி இருந்தார்கள். மிஸ்ஸைச் சக்கரக் கதிரையில் தள்ளி வந்து நடுவில் விட்டார்கள்.

பிள்ளைகள் தொடங்கியதும் மிஸ்ஸின் கை தானாக எழும்பியது. சரியான இடத்தில் விழுந்தது. வயதான சனமெல்லாம் கை தட்டியது. துணி பழைய பக்கமாகவே சுற்றிப் போனது. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். தர்ஷி மட்டும் என் பக்கம் சாய்ந்து குசுகுசுத்தாள்.

"அம்மா, மிஸ்ஸின்ர ஃபுட் தாளம் போடேல்லை. வை?"

பார்த்தேன். இடது கால் சக்கரக் கதிரையின் மிதியில் சும்மா கிடந்தது.

"வயசு போட்டுது பிள்ளை. களைச்சுப்போனா" என்றேன்.

பாட்டு முடிந்த இடைவெளியில் மிஸ் தர்ஷியின் கையைப் பிடித்தார். அவள் முகத்துக்குக் கிட்டக் குனிந்து ஒரு வரி சொன்னார்.

"ஹா மொ ஹஸ் கொர்ஷ்ட்."

தர்ஷிக்குக் கண் விரிந்தது. புது வரி! அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். மிஸ் பழக்கிய பிள்ளை அல்லவா.

"அரீஷ்ட், மிஸ்" என்றாள். இன்னொரு தரம்.

மிஸ் இன்னொரு தரம் சொன்னார். தர்ஷி திருப்பிச் சொன்னாள். மிஸ்ஸின் நெற்றி சுருங்கியது. தலையை ஆட்டினார். ஹஸ் என்பது மேலோட்டமாக வரக் கூடாது, தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும் என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். தர்ஷி காறி எடுத்துச் சொன்னாள். மிஸ் திரும்பவும் திருத்தினார். அந்த நடுங்குகிற விரல் மேசையில் ஒரு தட்டுத் தட்டியது. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். போர்வையை அடித்து அடித்து, ஹா மொ ஹஸ் கொர்ஷ்ட், ஹா மொ ஹஸ் கொர்ஷ்ட் என்று அதற்கு ஒரு மெட்டும் வந்துவிட்டது.

மெட்டு ஓய்ந்ததும் தர்ஷி தனியாக, பாட்டில்லாமல், நேராக மிஸ்ஸின் கண்ணைப் பார்த்து அதைச் சொன்னாள். ஒரு பிசகும் இல்லை. எனக்கே தெரிந்தது.

மிஸ் அவளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"க்லே வா" என்றார்.

பொறுப்பான பெண் ரிஷ்யூக் கடதாசியால் அவர் கன்னத்தைத் துடைத்து, ஆனந்தக் கண்ணீர் என்றாள். எல்லோரும் கை தட்டினோம். நான் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை மகனுக்கு அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு மிகவும் நன்றி, தீவில் இருக்கிற என் சின்னம்மாவுக்கும் அனுப்புகிறேன் என்று பதில் போட்டார். அந்தச் சின்னம்மா இருமலோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் உடனே பார்க்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அந்த வரிதான். தர்ஷி சீப்பால் தலை இழுக்கும்போது பாடினாள். கோப்பை கழுவும்போது பாடினாள். இவர்கூடக் காரில் ஸ்டியரிங்கில் தட்டி, "ஹா மொ ஹஸ்" என்று தொடங்கி, எனக்குச் சிரிப்புக் காட்டினார்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் மகன் கோல் எடுத்தார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"சின்னம்மா இப்போதுதான் வீடியோவைப் பார்த்தார். முதலில் சிரித்தாராம். பிறகு அழத் தொடங்கிவிட்டாராம். அம்மா பாடவில்லை. அது பாட்டே இல்லை. என் கால் நோகிறது. என் கால் நோகிறது. அதைத்தான் அம்மா திருப்பித் திருப்பிச் சொல்கிறார். இல்லத்துக்குக் கோல் எடுத்துவிட்டேன். டொக்டர் வருகிறார்."

பிறகு படம் எடுத்துப் பார்த்தபோது இடுப்பில் தொடை எலும்பு வெடித்திருந்தது. எப்போது விழுந்தார், எங்கே விழுந்தார், யாருக்கும் தெரியவில்லை. அது பழைய வெடிப்பு, வீடியோ எடுத்த நாளுக்கும் முந்தியது என்றார்கள். அதோடுதான் அவரைத் தூக்கினார்கள், திருப்பினார்கள், குளிப்பாட்டினார்கள், மேசைக்குத் தள்ளி வந்தார்கள். அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், வருகிற போகிற எல்லோரிடமும். சத்திரசிகிச்சை செய்தார்கள். மிஸ் அதிலிருந்து எழும்பவில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தது. அந்தப் பின்னேரம் எனக்குத் தெரிந்தது மகன் சொன்னது மட்டும்தான். போனை வைத்த பிறகும் கையில் கத்தியோடு அப்படியே நின்றேன். தன் நோவைச் சொல்லுகிற வாக்கியத்தையே ஒரு பிள்ளைக்குப் பிழை திருத்திக் கொடுத்த மனுஷியை நினைத்தேன். அந்தக் கடைசிக் க்லே வாவை நினைத்தேன். அவர் இவ்வளவு காலமும் காத்திருந்த வாக்கியம் அவருக்குக் கிடைத்துத்தான் விட்டது. சாதாரண வாக்கியம், சத்தம் பிசகாமல். அதை விளங்கிச் சொல்ல மட்டும் ஒருவரும் இல்லை.

பிறகு என்னைப் பற்றி நினைத்தேன். நினைக்காமல் இருக்க முடியுமா? எனக்கும் ஒரு நாள் இங்கிலிஷ் கழன்று போகும். நான் பிந்திப் படித்த பாஷை, அதுதான் முதலில் போகும். அப்போது எனக்குக் கால் நோகுது என்று நான் தமிழில்தான் சொல்லுவேன். தர்ஷிக்கு அது விளங்கும். தர்ஷியின் பிள்ளைக்கு? என்னைக் குளிப்பாட்ட வருகிற பிள்ளைக்கு? அழகான பாஷை, நாள் முழுக்கப் பாடுகிறா, எவ்வளவு சந்தோஷமான அம்மா என்று அவளும் சொல்லுவாள்.

குளியலறைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு மேலே தர்ஷி பாடிக்கொண்டிருந்தாள். ஹா மொ ஹஸ் கொர்ஷ்ட். தொண்டைக்குள்ளிருந்து, மிஸ் கேட்டபடியே. நிற்பாட்டு என்று கத்தப் போனேன். கத்தவில்லை, வெங்காயத்தைத் திரும்ப வெட்டத் தொடங்கினேன்.

தண்ணீர் நின்றது. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, போனில ஹூ வாஸ் இட்?"

"மிஸ்ஸின்ர மகன்."

"ஓ!" முகமெல்லாம் சிரிப்பு. "வீடியோ பார்த்தவராமோ? நான் அந்த லைன் சரியாச் சொன்னனானாமோ?"